புலி தானே எடுத்த படம்

நூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் புலியின் உருவத்தைக் காண விரும்பியவர்களுக்கு வழிகள் மிகச் சிலவே இருந்தன. அரண்மனைச் சுவரில் தொங்கும் தோலைக் காணலாம்; விலங்குக்காட்சிச்சாலையின் கூண்டுக்கு முன் நிற்கலாம்; காலடியில் இறந்த புலியைக் கிடத்தித் துப்பாக்கியுடன் நிற்கும் வேட்டைக்காரரின் படத்தைப் பார்க்கலாம். உயிரோடு, தன் காட்டில், தன் வழியே நடந்து செல்லும் புலி எத்தகைய தோற்றமுடையது என்பதைக் காட்டில் வாழ்ந்த மக்களும் வனப்பணியாளர் சிலருமே அறிந்திருந்தனர்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் லண்டனில் வெளியான இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்னும் வார இதழில் சில ஒளிப்படங்கள் இடம்பெற்றன. இருண்ட காட்டினிடையே, ஒளி வெள்ளத்தில், வரிகள் தெளிவாகத் தெரிய ஒரு புலி நடந்துகொண்டிருந்தது. அருகில் மனிதர் எவரும் இல்லை. அப்படத்தை எடுத்தது ஒரு வகையில் அந்தப் புலியேதான். அதற்கு அந்த வாய்ப்பை அமைத்துக் கொடுத்தவர் ஃபிரெடரிக் வால்டர் சாம்பியன் என்னும் வன அதிகாரி.

சாம்பியன் 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஜார்ஜ் சார்லஸ் சாம்பியன் வண்டினங்களை ஆராய்ந்த அறிஞர்; இளமையில் நடு அமெரிக்காவின் காடுகளில் அலைந்து பூச்சிகளைத் திரட்டியவர். பூச்சியியலாளரின் இல்லத்தில் வளரும் பிள்ளைகள் ஒன்றை எளிதில் கற்றுக்கொள்வார்கள். ஓர் உயிரினத்தைக் கண்டால் மட்டும் போதாது. அதை எங்கே, எந்நாளில், எத்தகைய இடத்தில் கண்டோம் என்பதையும் எழுதி வைத்தால்தான் அது பயன்தரும். ஃபிரெடரிக்கின் அண்ணன் ஹாரி சாம்பியனும் இந்தியாவில் வனப்பணி ஆற்றினார். இந்தியாவின் காடுகளை மழை, வெப்பம், மரவகை ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தி 1936இல் அவர் வெளியிட்ட நூலே இன்றுவரை நம் நாட்டுக் காடுகளின் வகைப்பாட்டுக்கு அடிப்படையாக உள்ளது. நீலகிரி மலையின் சோலைக்காடுகளுக்கும் அவ்வகைப்பாட்டில் தனியிடம் உண்டு. அண்ணன் காடுகளை வகுத்தார். தம்பி அக்காடுகளில் இரவில் நடமாடுபவற்றைத் தேடினார்.

ஃபிரெடரிக் இந்தியாவுக்கு வந்தது 1913இல். முதலில் கிழக்கு வங்காளத்தில் காவல்துறையில் பணியாற்றினார். முதல் உலகப்போரின்போது படையில் சேர்ந்தார். போர் முடிந்தபின் அன்றைய ஐக்கிய மாகாணத்தின் வனத்துறையில் அவருக்குப் பணி கிடைத்தது. அம்மாகாணமே இன்றைய உத்தரப்பிரதேசமும் உத்தராகண்டும் ஆகும். இமயமலையின் அடிவாரத்தில் சிவாலிக் என்னும் தாழ்ந்த குன்றுத்தொடர் செல்கிறது. உயர்ந்து நிற்கும் சால் மரங்கள், ஆளை மறைக்கும் புல்வெளிகள், மழைக்காலத்தில் பெருகி ஓடிக் கோடையில் வெறும் மணலும் கூழாங்கல்லுமாய்க் கிடக்கும் ஓடைகள் ஆகியவை நிறைந்த நிலம் அது. இந்நிலமே சாம்பியனின் பள்ளிக்கூடமாயிற்று.

அக்காலத்தில் வன அதிகாரி என்றாலே வேட்டைக்காரர் என்னும் எண்ணம் இருந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேட்டைக்கு உரிமம் பெற்றவர்களுக்கு ஒதுக்கித் தருவதும் வனத்துறையின் வேலைகளுள் ஒன்று. எத்தனை புலிகளைச் சுட்டார் என்பதே ஒருவருடைய பெருமைக்கு அளவுகோல். சாம்பியன் அந்த வழக்கத்தை ஏற்கவில்லை. பொழுதுபோக்குக்காக உயிரைக் கொல்வதை அவர் வெறுத்தார். துப்பாக்கி இருக்க வேண்டிய கையில் அவர் ஒளிப்படக்கருவியை ஏந்தினார். இதில் இரக்கத்தோடு வேறொன்றும் கலந்திருந்தது. சுடுவதைவிடப் படம் எடுப்பது மிகக் கடினம் என்பதே அது. தொலைவிலிருந்து குண்டு பாய்ந்துவிடும். ஒளிப்படக்கருவிக்கோ அருகில் செல்ல வேண்டும், போதிய வெளிச்சம் வேண்டும், விலங்கு அசையாதிருக்க வேண்டும்.

பகலில் அவர் யானைமீது அமர்ந்து காட்டுக்குள் சென்றார். யானையைக் கண்டு பிற விலங்குகள் அவ்வளவாக அஞ்சி ஓடுவதில்லை. ஆயினும் யானை நின்ற இடத்திலும் மூச்சு விடும், காதை ஆட்டும், காலை மாற்றி வைக்கும். அதன் முதுகில் இருப்பவர் கனமான கருவியை அசையாமல் பிடித்துப் படம் எடுப்பது எளிதன்று. மேலும், புலி பெரும்பாலும் இரவில் நடமாடும் விலங்கு. பகலில் அது புதருக்குள் படுத்துக்கிடக்கும். ஆகவே, இரவில் புலி நடக்கும் இடத்துக்குக் கருவியைக் கொண்டு செல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் உணர்ந்தார்.

இவ்வகை முயற்சி அதற்கு முன்பே அமெரிக்காவில் நடந்திருந்தது. ஜார்ஜ் ஷிராஸ் என்பவர், விலங்கு ஒரு கம்பியை இழுத்தவுடன் வெளிச்சம் எழுந்து படம் பதியும்படியான அமைப்பைக் கொண்டு மான் முதலிய விலங்குகளைப் படமெடுத்தார். அப்படங்கள் 1906இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வெளிவந்தன. அம்முறையைப் புலிக் காட்டுக்குக் கொண்டுவந்தவர் சாம்பியன்.

அமைப்பு இதுதான். விலங்கு நடக்கும் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்று கட்டப்படும். பாதையோரத்தில் ஒளிப்படக்கருவி மறைத்து வைக்கப்படும். அதன் அருகே மக்னீசியப் பொடி நிரம்பிய தட்டு இருக்கும். விலங்கின் கால் கம்பியில் பட்டதும் மின்கலத்தின் இணைப்பு மூடும். பொடி பளீரென்று எரியும். அதே கணத்தில் கருவியின் கண் திறந்து மூடும். உள்ளிருக்கும் கண்ணாடித் தகட்டில் உருவம் பதியும். ஒரு கருவிக்கு ஓர் இரவில் ஒரு படம்தான். பொடி எரிந்துவிட்டால், யாரேனும் வந்து மீண்டும் பொடி இட்டுத் தகட்டை மாற்றும்வரை அக்கருவியால் பயனில்லை.

இந்த ஒரே படத்தை எங்கே செலவிடுவது? அதுதான் சாம்பியனின் முன்நின்ற கேள்வி. விடையை அவர் மண்ணில் தேடினார். காலையில் ஓடைமணலில் பதிந்திருக்கும் காலடித் தடங்களைப் பார்ப்பார். தடம் புதியதா, பனி விழுந்து மங்கியதா என்று ஆராய்வார். புலி முட்புதர்களைப் பிளந்துகொண்டு செல்வதை விரும்புவதில்லை. மென்மையான அதன் பாதங்களுக்கு மணற்பாங்கான ஓடைப்படுகையும், வனத்துறை அமைத்த வண்டித்தடமும், காட்டுத்தீயைத் தடுக்க வெட்டப்பட்ட வெளியும் ஏற்றவை. ஒரே புலி சில நாள் இடைவெளியில் ஒரே வழியே திரும்பி வருவதுண்டு. அவ்வழியில் பாதை குறுகும் இடமாகப் பார்த்து அவர் கம்பியைக் கட்டினார். கம்பி மிக உயரமாக இருந்தால் சிறிய விலங்கு அதன்கீழ் நுழைந்து போய்விடும். மிகத் தாழ்வாக இருந்தால் எலியும் முயலும் படத்தை வீணாக்கிவிடும். புலி எத்திசையிலிருந்து வரும், எவ்வளவு தொலைவில் கம்பியை மிதிக்கும், அப்போது அதன் உடல் கருவிக்கு நேராக இருக்குமா என்பனவற்றை முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

கணிப்புகள் பெரும்பாலும் பொய்த்தன. பனியில் பொடி நனைந்தது. புலிக்கு வைத்த கம்பியை முள்ளம்பன்றி இடறியது. எதுவுமே வராத இரவுகள் பல. வெற்றுத் தகடுகளை எடுத்துக்கொண்டு திரும்பிய காலைகளே அவருக்கு மிகுதி. ஆனால் முள்ளம்பன்றியின் படத்தையும் அவர் எறிந்துவிடவில்லை. கழுதைப்புலி, கரடி, சிறுத்தை, கடமான் எனக் கம்பியில் இடறிய ஒவ்வொன்றும் அவருக்குச் செய்தி சொன்னது. மனிதர் ஒருவர்கூட நேரில் பார்க்காத வேளையில், எந்தப் பாதையில் எவ்வெவ்விலங்கு நடக்கிறது என்பதற்கு அவை சான்றுகளாயின. வேட்டைக்காரர் தாம் தேடிச் செல்லும் விலங்கையே காண்பார். பாதையில் காத்திருக்கும் கருவியோ வருவது எதுவாயினும் பதிவுசெய்யும்.

படங்கள் சேரச் சேர இன்னொன்று புலப்பட்டது. இரண்டு புலிகளின் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மனிதரின் கைரேகையைப் போல ஒவ்வொரு புலிக்கும் அதன் வரிகள் தனித்தன்மை உடையவை. ஆகவே, வெவ்வேறு நாளில் எடுத்த படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால், வந்தது பழைய புலியா புதிய புலியா என்று சொல்லிவிடலாம். இக்கருத்தின் முழுப்பயனையும் அறிவியல் உணர்வதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

சாம்பியனின் முதல் நூல் 1927இலும், இரண்டாம் நூல் 1934இலும் வெளிவந்தன. இரண்டும் காட்டுயிர்ப் படங்களுக்காகப் புகழ்பெற்றவை. படங்களைக் காட்டிப் பாராட்டுப் பெறுவதோடு அவர் நிற்கவில்லை. மோட்டார் வண்டிகள் காட்டுக்குள் புகுந்துவிட்ட காலம் அது. நடந்து சென்று வேட்டையாடியவர்களுக்கு எட்டாத இடங்களும் இப்போது எளிதில் எட்டின. துப்பாக்கி உரிமங்களைக் குறைக்க வேண்டும், காப்புக்காடுகளில் மோட்டார் வண்டிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட் அவருடைய நண்பர். கார்பெட் துப்பாக்கியைவிட்டு ஒளிப்படக்கருவியின் பக்கம் திரும்பியதில் சாம்பியனின் படங்களுக்குப் பங்கு உண்டு. இவ்விருவரும் அவர்களைப்போல் எண்ணிய பிறரும் எழுப்பிய குரலின் பயனாக 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. ஹெய்லி என்னும் ஆளுநரின் பெயரால் அன்று அழைக்கப்பட்ட அப்பூங்காவே பின்னர்க் கார்பெட்டின் பெயரைப் பெற்றது.

1947இல் இந்தியா விடுதலை பெற்றது. சாம்பியன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்கும் வனப்பணியைத் தொடர்ந்தார். 1970இல் அவர் காலமானார். அதற்குள் இந்தியக் காடுகளில் புலிகள் பெரிதும் குறைந்துவிட்டிருந்தன. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் சென்றபின், 1973இல், இந்திய அரசு புலிகள் காப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

காப்பதற்கு முதலில் எண்ண வேண்டும். அப்போது புலிகளை எண்ணக் காலடித் தடங்களையே நம்பினார்கள். வனப்பணியாளர்கள் குறிப்பிட்ட சில நாட்களில் காடு முழுவதும் நடந்து, தடங்களைக் கண்ணாடியில் வரைந்தும் சுண்ணச்சாந்தில் வார்த்தும் கொண்டுவருவார்கள். தடத்தின் வடிவைக் கொண்டு புலிகளை வேறுபடுத்துவார்கள். ஆனால் ஒரே புலியின் தடம் ஈரமண்ணில் ஒரு விதமாகவும், உலர்ந்த புழுதியில் வேறு விதமாகவும் பதியும். ஒரு புலி இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணப்பட இம்முறையில் இடமிருந்தது. இக்குறையின் விளைவை ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் நாடே கண்டது. ஏட்டுக் கணக்கில் அங்கே புலிகள் இருந்தன. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேடிப்பார்த்தபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் அவற்றைக் கொன்று தீர்த்திருந்தனர். எண்ணிக்கை சரியாக இருந்திருந்தால், கடைசிப் புலி சாகும் முன்பே அபாயம் தெரிந்திருக்கும்.

இதற்கு முன்னரே, கர்நாடகத்தின் நாகரகொளைக் காட்டில் உல்லாஸ் காரந்த் என்னும் அறிவியலாளர் 1990களின் தொடக்கத்தில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்திப் புலிகளை அவற்றின் வரிகளால் அடையாளம் கண்டு கணக்கிடத் தொடங்கியிருந்தார். கம்பிக்குப் பதிலாக இப்போது விலங்கின் வருகையை உணரும் கருவி இருந்தது. சரிஸ்காவின் பாடத்துக்குப் பின் நாடு முழுவதும் இம்முறை ஏற்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் புலிகள் 1,411 என மதிப்பிடப்பட்டன. 2018–19ஆம் ஆண்டில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் புலிப் படங்கள் 76,651 மட்டுமே. எஞ்சியவை பிற விலங்குகளும், மனிதரும், கால்நடைகளும், காற்றில் ஆடிய புல்லும்தான்.

இங்கே சாம்பியனின் முறைக்கும் இன்றைய முறைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சாம்பியனுக்கு வேண்டியது படம். ஆகவே புலி நிச்சயம் வரும் என்று தோன்றிய இடத்தில் மட்டும் கருவியை வைத்தார். காட்டின் நிலையை அறிய விரும்புபவர் அவ்வாறு செய்தால் ஏமாந்துபோவார். நல்ல இடங்களில் மட்டும் தேடினால் காடு முழுவதும் புலிகள் நிறைந்திருப்பதாகத் தோன்றும். எனவே இன்று முதலில் வரைபடத்தின்மேல் ஒரே அளவான கட்டங்கள் போடப்படுகின்றன. அண்மைக் கணக்கெடுப்புகளில் புலிக்கான கட்டம் ஒன்றின் பரப்பு 2 சதுர கிலோமீட்டர். சால் காடானாலும் புல்வெளியானாலும் ஊரை அடுத்த புதர்க்காடானாலும், எதுவும் கிடைக்காது என்று எண்ணும் கட்டமானாலும், ஒதுக்கிவிடாமல் கேமரா வைக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் எந்தப் பாதையில், எந்தத் திருப்பத்தில், எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்கு மட்டும் சாம்பியனின் பழைய வித்தை தேவைப்படுகிறது. பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வைப்பார்கள். ஏனெனில் புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுவேறானவை.

கரடிக்கும் கடமானுக்கும் வரிகள் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய இயலாது. அவற்றைப் பொறுத்தவரை, அவ்விலங்கு எந்தெந்தக் கட்டத்தில் வாழ்கிறது, எதில் வாழவில்லை என்பதே கேள்வி. படம் கிடைத்தால் விலங்கு உண்டு. கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஒரு கட்டத்தில் கரடி வாழ்கிறது என்றும், ஓர் இரவில் அது கேமராவில் அகப்படும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றும் கொள்வோம். ஓர் இரவு மட்டும் கேமரா வைத்தால், அத்தகைய பத்துக் கட்டங்களுள் ஒன்பதில் கரடி இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம். முப்பது இரவுகள் வைத்தால் அத்தவறு நூற்றுக்கு நான்கு என்ற அளவுக்குக் குறைந்துவிடும். எந்த இரவில் அகப்பட்டது, எந்த இரவில் அகப்படவில்லை என்று தொடர்ந்து குறித்துவந்தால், தப்பிப்போனவை எத்தனை இருக்கும் என்பதையும் கணித்துவிடலாம். சாம்பியன் சோர்வோடு எடுத்துச்சென்ற வெற்றுத் தகடுகளுக்கு ஒப்பானவை இன்று கணக்கின் பாதியாக மதிக்கப்படுகின்றன.

சிவாலிக் குன்றுகளிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹரித்துவாரை அடுத்த ராஜாஜி காட்டைக் கங்கையாறு இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குக் கரையில் புலிகள் பெருகின. மேற்குக் கரையிலும் மான்கள் உண்டு, நீர் உண்டு, நிழல் உண்டு. ஆனால் பல ஆண்டுகள் கேமராக்கள் வைத்தும் அங்கே படத்தில் வந்தவை இரண்டு பெண்புலிகள் மட்டுமே. அவை எப்போதும் அதே இரண்டு என்பதை வரிகள் காட்டின. ஆண்புலியின் படம் கிடைக்கவில்லை. இடையிலுள்ள இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் கால்வாயும் குடியிருப்புகளும் கிழக்கிலிருந்து புலிகள் வரும் வழியை அடைத்துவிட்டன. அவ்விரண்டும் முதுமை அடைந்துகொண்டிருந்தன. படங்கள் அளித்த இந்தச் சான்றின்மேல்தான், கார்பெட் காட்டிலிருந்து புலிகளைப் பிடித்து மேற்கு ராஜாஜியில் விட முடிவுசெய்யப்பட்டது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு பெண்புலியும், அடுத்த மாதம் ஓர் ஆண்புலியும் அங்கே கொண்டுவரப்பட்டன. கழுத்தில் வானொலிப் பட்டை அணிவித்து அவற்றைக் காட்டில் விட்ட பணியாளர்கள், மணல் ஓடைகளின் ஓரத்தில் கேமராக்களையும் தயாராக வைத்திருந்தனர்.